ஐந்நூறு போக மீதி

ஆத்தூர்ச் சித்தப்பா எதையும் எடை போட்டுப் பார்க்காமல் நம்புகிறவர் இல்லை. அவர் பார்த்த வேலை அப்படி. சேகோ ஆலை வாசலில் வந்து நிற்கும் குச்சிக்கிழங்கு வண்டியில் எத்தனை புள்ளி மாவு தேறும் என்று பார்த்து விலை போட்டே காலத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. காய்ச்சலுக்கு வாங்கிய பாராசிட்டமால் மாத்திரை ஒன்றைத் தெரிந்தவர் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

“அட்டையில ஐந்நூறு மில்லிகிராம்னு அச்சடிச்சிருக்கான் கண்ணு. தராசு ஐந்நூத்தி எண்பதைக் காட்டுது. மீதி எண்பதுக்கு என்னத்தைப் போட்டு அமுக்கியிருக்கான்?”

சித்தி டீயைக் கொண்டுவந்து வைத்தார். ஃபார்மசி படித்தவன் டீ குடிக்கப் போனால் இப்படி ஒரு கேள்வி வராமல் இருக்காது.

“மாவுதான் சித்தப்பா. நீங்க காலமெல்லாம் அளந்த அதே சாதி மாவு.”

அவர் முகம் மாறிவிட்டது. மாத்திரையில் மாவு என்றால் கலப்படம் என்றுதான் நம்மில் பலருக்கும் மனதில் ஓடும். சுண்ணாம்புக்கட்டியை அமுக்கி விற்கும் போலி மருந்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இந்த மாவு திருட்டுத்தனமாக நுழைந்தது அல்ல. காஜியாபாத்தில் இருக்கும் இந்திய ஃபார்மகோபியா கமிஷன் வெளியிடும் தரநூலில் பாராசிட்டமாலுக்கு ஒரு பக்கம் இருப்பதைப் போல மாவுக்கும் ஒரு பக்கம் உண்டு. மக்காச்சோளம், அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, சித்தப்பாவின் குச்சிக்கிழங்கான மரவள்ளி ஆகியவற்றிலிருந்து எடுத்த மாவு எப்படி இருக்க வேண்டும், ஈரம் எவ்வளவு தாங்கலாம், சுட்டால் எவ்வளவு சாம்பல் மிஞ்சலாம் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் மருந்து ஆலைகள் அதிகம் வாங்குவது மக்காச்சோள மாவு.

ஏன் அதைப் போட வேண்டும்? பாராசிட்டமாலின் வெள்ளைத் துகள்களை மட்டும் அச்சில் போட்டு எவ்வளவு அழுத்தினாலும் உருப்படியான மாத்திரை வராது. அச்சை விட்டு வெளியே வந்ததும் மேல்பகுதி மூடி போலக் கழன்றுவிடும். அதனால் முதலில் கொஞ்சம் மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, மருந்துத் தூளில் விட்டுப் பிசறி, சல்லடையில் தேய்த்துக் குறுணையாக்கி, உலர்த்துகிறார்கள். இப்போது அது சேர்ந்து நிற்கும். உலர்ந்த குறுணையில் இன்னொரு பங்கு மாவைப் பச்சையாக, காய்ச்சாமல் கலக்கிறார்கள். பிறகுதான் அமுக்குவது.

“ஒட்ட வைக்கிறதுக்கும் மாவு, மறுபடி அதுக்குமேல மாவா?”

“ரெண்டாவது மாவு உடைக்கிறதுக்கு.”

கஞ்சியாக வெந்த மாவு பசை. வேகாத மாவு மணிகளோ தண்ணீரைத் தங்கள் பக்கம் இழுக்கும். மாத்திரை வயிற்றில் விழுந்ததும் இந்த மணிகளின் ஓரமாகத் தண்ணீர் உள்ளே ஊறுகிறது, மணிகள் உப்புகின்றன, குறுணைகளுக்கு நடுவே இருக்கும் பிடி விடுகிறது, மாத்திரை உதிர்கிறது. உதிராத மாத்திரையால் பயன் இல்லை. உள்ளே போனபடியே முழுதாக வெளியே போய்விடும். உறை போடாத சாதாரண மாத்திரை 37 டிகிரி வெப்பமுள்ள தண்ணீரில் 15 நிமிடத்துக்குள் உதிர வேண்டும் என்பது தரநூலின் விதி. வீட்டில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். உறை போட்டவற்றுக்கு நேரக் கணக்கு வேறு. வயிற்றைத் தாண்டிக் குடலில்தான் கரைய வேண்டும் என்று பூச்சுப் பூசியவை டம்ளரில் அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போலி என்று சண்டைக்குப் போகக் கூடாது.

சித்தப்பா போட்டுப் பார்த்தார். டீயை முடிப்பதற்குள் டம்ளரின் அடியில் வெள்ளை மணல் மாதிரி படிந்துவிட்டது. அதன் பிறகு அவர் கேள்வி கேட்ட குரலில் கொஞ்சம் சிநேகம் இருந்தது.

மாவைத் தவிர இன்னும் இரண்டு தூள் அந்த எண்பதில் உண்டு. ஒன்று டால்க், அதாவது மாக்கல் தூள். சேலம் பக்கத்துக் கல்சட்டி எந்தக் கல்லில் குடைந்து செய்கிறார்களோ அந்தக் கல்லின் முக்கியச் சரக்கு இதுதான். நகத்தால் கீறினாலே உதிரும். கனிமங்களிலேயே மிக மென்மையானது. குறுணைகள் ஒன்றோடொன்று உரசாமல் எந்திரத்துக்குள் வழுக்கி ஓடுவதற்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. மற்றது மக்னீசியம் ஸ்டியரேட் என்ற கொழுப்புத் தூள், அதைவிடக் குறைவு. மாத்திரை அச்சில் ஒட்டாமல் வெளியே வர. இதைக் கலப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கொஞ்ச நேரம் கலந்தால் போதும். ஆள் மறந்துபோய் எந்திரத்தைக் கூடுதல் நேரம் ஓடவிட்டால், அந்தக் கொழுப்பு ஒவ்வொரு குறுணை மீதும் படலமாகப் பரவி, தண்ணீரை உள்ளே விடாது. எல்லாச் சரக்கும் சரியான எடையில் இருந்தும் மாத்திரை உதிராது. அதனால்தான் மருந்து ஆலையில் எவ்வளவு போட்டோம் என்பதோடு எத்தனை நிமிடம் சுற்றினோம் என்பதையும் எழுதி வைக்கிறார்கள்.

இதுவரை சொன்னது பெரிய அளவு மருந்து. சித்தி காலையில் வெறும் வயிற்றில் போடுகிறாரே, தைராய்டு மாத்திரை, அதில் மருந்து 50 மைக்ரோகிராம். ஒரு கிராம் லெவோதைராக்சினை வைத்து அப்படி 20,000 மாத்திரை செய்யலாம். மருந்தை மட்டும் கொடுத்தால் விரலில் எடுக்கவும் முடியாது, கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. இங்கே மாத்திரை என்று நாம் பார்ப்பது ஏறக்குறைய முழுவதும் நிரப்புத் தூள்தான். சிக்கல் எங்கே என்றால், அந்த ஒரு கிராம் இருபதாயிரத்திலும் சமமாகப் போய்ச் சேர வேண்டும். ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தை அண்டா நிறையச் சாம்பாரில் நேரே போட்டால் ஒரு கரண்டியில் கட்டியாக வரும், மற்றதில் வாசனையே இருக்காது. அதனால் மருந்தை முதலில் அதன் அளவே உள்ள நிரப்புத் தூளோடு கலக்கிறார்கள். கலந்ததை மறுபடி அதே அளவு தூளோடு. இப்படி இரட்டிப்பு இரட்டிப்பாக ஏற்றிக்கொண்டு போவது. அந்தக் காலத்து மருந்துக்கடையில் கல்வத்தில் செய்ததும் இதே வழிதான்.

“சரி, அப்போ மீதியெல்லாம் சும்மா எடத்தை அடைக்கிற தூள். அப்படித்தானே?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். மருந்துப் படிப்பிலும் ரொம்பக் காலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

1968-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் வலிப்பு நோய்க்காரர்கள் பலர் புதிய தொல்லைகளோடு மருத்துவர்களிடம் வர ஆரம்பித்தார்கள். நடை தள்ளாடுகிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது, வாந்தி. எல்லோரும் ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தை எடுப்பவர்கள். வருடக்கணக்கில் அதே அளவு, அதே கேப்சூல். யாரும் கூடுதலாகச் சாப்பிடவில்லை. ஆனால் ரத்தத்தைப் பரிசோதித்தால் மருந்து அளவு கடந்து ஏறியிருந்தது. தேடிக்கொண்டே போனபோது கடைசியில் அகப்பட்டது நிரப்புத் தூள். அதுவரை கேப்சூலில் இடத்தை நிரப்பியது கால்சியம் சல்ஃபேட், நம் சித்த மருத்துவர்கள் சிலாசத்து என்று சொல்லும் ஜிப்சம் கல். தயாரிப்பாளர்கள் அதை எடுத்துவிட்டுப் பால் சர்க்கரையான லாக்டோஸைப் போட்டிருந்தார்கள். ஃபெனிட்டாயின் அளவில் ஒரு துளி மாற்றம் இல்லை.

நடந்தது இதுதான் என்று பிறகு விளக்கினார்கள். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் மருந்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, குடல் உறிஞ்ச முடியாதபடி செய்திருக்கிறது. மருத்துவர்களுக்கு அது தெரியாது. நோயாளிக்கு வலிப்பு நிற்கும் வரை அளவைக் கூட்டிக் கூட்டி, ஜிப்சம் திருடுகிற பங்கையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திருடன் போனதும் முழு மருந்தும் உள்ளே இறங்கிவிட்டது. இன்னொன்று: ஃபெனிட்டாயினைக் கழிக்கும் கல்லீரலின் வேலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பை ஒட்டி நிற்கும் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனாலும் ரத்தத்தில் கிடுகிடுவென்று ஏறிவிடும். 1970-இல் இதைப் பற்றிய கட்டுரை வெளியானது. நிரப்புத் தூளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தும் பிறகு உறுதி செய்தார்கள்.

வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, இதயத்துக்கான டிஜாக்சின் போன்றவற்றைக் கடைக்காரர் “அதே மருந்துதான், வேற கம்பெனி” என்று மாற்றிக் கொடுத்தால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பது இதனால்தான். வேறு கம்பெனி மட்டம் என்பதல்ல. உடம்பு பழகியது அந்த மருந்துக்கும் அந்தத் தூளுக்கும் சேர்த்து. சித்தி உள்ளே போய்த் தன் மாத்திரை அட்டையை எடுத்துப் பெயர் பார்த்துவிட்டு வந்தார்.

டிஜாக்சின் என்றதும் அதன் தாய்ச்செடியின் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் வைத்தியம் பார்த்த வில்லியம் வித்தரிங், ஃபாக்ஸ்குளோவ் என்ற ஊதாப் பூச்செடியின் இலையை உடம்பு வீக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்து 1785-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஷ்ராப்ஷயர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவரின் குடும்ப வைத்தியத்தில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் கலந்திருந்தன. வேலை செய்தது இந்த ஒன்றுதான் என்று அவர் கண்டுகொண்டார். கஷாயத்தில் கை தவறியது. கொதிக்க வைக்கும் நேரம் மாறினால் வீரியம் மாறியது. செடி பூக்கும் சமயத்தில் இலையைப் பறித்து, உலர்த்தி, தூளாக்கி எடையிட்டுக் கொடுப்பதுதான் நம்பகம் என்று முடிவுக்கு வந்தார். அந்த முடிவு மருந்து வரலாற்றில் பெரிய விஷயம். ஏனென்றால் இந்த இலையில் குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகல்.

எடையிட்டாலும் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. ஒரு தோட்டத்து இலை போல இன்னொரு தோட்டத்து இலை இல்லை. ஆகவே இருபதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு மூட்டை இலைத் தூளின் வீரியத்தையும் தவளை, பூனை, புறா போன்ற உயிர்களில் சோதித்துப் பார்த்து, வீரியம் மிகுந்த தூளில் வீரியம் குறைந்த இலைத் தூளையோ லாக்டோஸையோ கலந்து ஒரே நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அதாவது மருந்தில் மட்டமான சரக்கைக் கலப்பதே அங்கே தரம். 1930-இல் சிட்னி ஸ்மித் என்ற வேதியியலர் அதே இனத்தின் இன்னொரு செடியிலிருந்து டிஜாக்சினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்த பிறகு இலைத் தூள் மெல்ல விடைபெற்றது. ஆனால் பாருங்கள், தூய மருந்து வந்த பிறகும் தூள் விட்டபாடில்லை. 1971-இல் அமெரிக்காவில் வெவ்வேறு தயாரிப்பு டிஜாக்சின் மாத்திரைகளை ஆட்களுக்குக் கொடுத்து ரத்தத்தில் அளந்தார்கள். மாத்திரையில் மருந்தளவு ஒன்றே. ரத்தத்தில் ஏறிய அளவோ ஏழு மடங்கு வரை வித்தியாசப்பட்டது. துகளின் பொடிமை, அமுக்கிய விதம், சேர்த்த தூள், எல்லாம் சேர்ந்து செய்த வேலை.

“அப்ப இயற்கைன்னு சொல்லி விக்கிறாங்களே கண்ணு, அது ஒண்ணுமே ஆகாதுங்கிறதுக்கு?”

அட்டையில் அந்த வார்த்தையைப் பச்சை எழுத்தில் பெரிதாக அச்சடிப்பவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஃபாக்ஸ்குளோவ் இயற்கைதான். அரளி இயற்கைதான். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தாவரத் தூளை மருந்து என்று மதித்தால், மருந்துக்குக் கேட்கிற கேள்விகளை அதற்கும் கேட்க வேண்டும்: எவ்வளவு, எந்தப் பொடிமை, எத்தனை நாள் பழசு, உள்ளே வேறு என்ன.

நம் பக்கத்து நிலாவரையையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் சீமையின் வறண்ட மண்ணில் மானாவாரியாக விளையும் இந்த இலை தூத்துக்குடித் துறைமுகம் வழியாக உலகமெங்கும் போகிறது. ஐரோப்பிய மருந்து நூல்களில் இதற்குத் திருநெல்வேலியின் பெயரிலேயே ஒரு தனி வகை உண்டு. சித்த மருத்துவத்தில் இதுவே நிலவாகைச் சூரணம். ஆங்கில மருந்துக்கடையில் மலச்சிக்கல் மாத்திரை. வேலை செய்வது சென்னோசைடு என்ற சரக்கு. அதுவும் நேராக வேலை செய்வதில்லை. வயிற்றையும் சிறுகுடலையும் மாறாமல் கடந்து பெருங்குடலுக்குப் போய், அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகுதான் குடலை அசைக்கும் பொருளாக மாறுகிறது. அந்தப் பயணத்துக்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ராத்திரி படுக்கும்போது சாப்பிடச் சொல்வது அதற்காக. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு ஸ்பூன் போடுகிறவர் மறுநாள் காலை பட்டுத் தெரிந்துகொள்வார். மாத்திரை அட்டையில் இலையின் எடையைப் போடாமல் சென்னோசைடின் எடையைப் போடுவது, இலைக்கு இலை அது மாறும் என்பதால்.

இனி, உள்ளே வேறு என்ன இருக்கிறது என்ற கேள்வி. முழு இலையைப் பார்த்து இது இன்ன இலை என்று சொல்லிவிடலாம். தூளாகிவிட்டால் எல்லாம் ஒரே பச்சை, ஒரே பழுப்பு. மருந்தாக்கியலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது. தூளை நுண்ணோக்கியில் வைத்தால் செடி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இலையின் மூச்சுத் துளைகளைச் சுற்றி எத்தனை செல்கள், மேல்தோல் மயிரின் வடிவம், செல்லுக்குள் கிடக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகம் ஊசியா, பன்முகமா. மாவு மணியிலும் அப்படித்தான். உருளைக்கிழங்கு மணி பெரிது, சிப்பி போல் வரிவரியாக இருக்கும். அரிசி மணி மிகப் பொடிசு, பல பட்டைகள் கொண்டது. மரவள்ளி மணி ஒரு பக்கம் உருண்டு மறுபக்கம் வெட்டியது போலத் தட்டையாக இருக்கும். காலமெல்லாம் அதன் நடுவிலேயே நின்ற சித்தப்பா, அதன் உருவத்தை என் கைபேசிப் படத்தில்தான் முதலில் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

கலந்திருப்பது என்ன என்று கண்டுபிடிப்பது ஒன்று. எவ்வளவு என்று சொல்வது அதைவிடக் கடினம். லண்டனில் மருந்தாக்கியல் சொல்லிக்கொடுத்த டி. இ. வாலிஸ் இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். லைகோபோடியம் என்ற பாசி போன்ற சிறு செடி மஞ்சள் தூளாக வித்துகளைக் கொட்டும். அந்த வித்துகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு மில்லிகிராமில் சராசரி 94,000 இருக்கும். சந்தேகப்படும் தூளில் எடை தெரிந்த லைகோபோடியத்தைக் கலந்து, நுண்ணோக்கியின் ஒரே பார்வைப் பரப்பில் வித்து எத்தனை, மாவு மணி எத்தனை என்று இரண்டையும் எண்ண வேண்டும். வித்துகளின் கணக்கு முன்பே தெரியும் என்பதால், மாவு மணிகளின் கணக்கு விகிதத்தில் வந்துவிடும். கலப்படமில்லாத சுக்குத் தூளில் மில்லிகிராமுக்கு ஏறத்தாழ 2,86,000 மாவு மணி. அதைவிட மிகக் கூடினாலோ மிகக் குறைந்தாலோ சுக்கோடு வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பொறுமை மட்டும் வேண்டும். மாணவர்களாக நாங்கள் எண்ணி எண்ணிக் கண் வலித்ததுண்டு.

மண்ணைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இருக்கிறது. தூளைச் சாம்பலாகும் வரை எரித்து, சாம்பலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைப்பார்கள். செடிக்குள்ளேயே இருந்த சுண்ணாம்புச் சத்து, சாம்பல் உப்பு எல்லாம் பெரும்பாலும் கரைந்துவிடும். கரையாமல் அடியில் தங்குவது மணல். களத்தில் இலையைப் பெருக்கி அள்ளியவர் எவ்வளவு மண்ணையும் சேர்த்து அள்ளினார் என்பது தராசில் தெரிந்துவிடும். அதற்குமேல் இப்போது உலோகச் சோதனையும் உண்டு: பத்து லட்சம் பங்கில் ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்பதைத் தாண்டக் கூடாது என்பது மூலிகைத் தூளுக்கான வரம்பு.

பொடிமைக்கு வருவோம். நம் வைத்தியத்தில் இதைச் சொல்லத் தனித்தனி வழக்கு இருக்கிறது. குடிநீருக்கு என்றால் சரக்கை ஒன்றிரண்டாய் இடிப்பார்கள். ரொம்பப் பொடித்தால் கொதிக்கும்போது கட்டி தட்டும், வடிகட்டவும் வராது. நேரே தேனில் குழைத்தோ வெந்நீரிலோ சாப்பிடும் சூரணத்துக்கு இடித்து, துணியில் சலித்து எடுக்க வேண்டும். வஸ்திரகாயம் என்பது அதுதான். சில சூரணங்களுக்கு அதன் பிறகும் ஒரு வேலை உண்டு. பாலும் தண்ணீரும் கொதிக்கும் பானையின் வாயில் துணி கட்டி, சூரணத்தை அதன்மேல் பரப்பி மூடி, ஆவியில் அவித்து, காயவைத்து மறுபடி இடிப்பார்கள். பிட்டவியல் என்று பெயர்.

ஆனால் நைசாக்குவதற்கு ஒரு விலை உண்டு. ஒரு சென்டிமீட்டர் சுக்குக் கட்டியைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் துகள்களாக்கினால், காற்றுக்குத் திறந்திருக்கும் பரப்பு நூறு மடங்காகிறது. சீக்கிரம் கரையும், அதே வேகத்தில் வாசனை எண்ணெயும் ஓடும், ஈரமும் ஏறும், பூச்சிக்கும் வசதி. பழைய சித்த நூல் கணக்குப்படி சூரணத்துக்கு ஆயுள் மூன்று மாதம். அதே கணக்கில் செந்தூரத்துக்கு 75 ஆண்டு, பற்பத்துக்கு 100 ஆண்டு. இந்தப் பெரிய எண்களை நான் அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் காரணம் சரியானது: செடியின் தூளில் ஆவியாகிற, கெடுகிற பொருள் இருக்கிறது, புடம் போட்ட கனிமத்தில் கெடுவதற்கு மிஞ்சியது கொஞ்சம்தான். வீட்டில் திரிகடுகமோ திரிபலாவோ வாங்கினால் கால் கிலோவாக வாங்கி அலமாரியில் வைப்பதைவிட, முழுச் சரக்காக வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இடிப்பது நல்லது.

“கல்லு கெடாது, செடி கெடும். அது சரி. கல்லை நேரா மருந்தாத் தின்கிறதும் உண்டா?”

தினமும் தின்கிறோம். மூட்டு வலிக்காரர்கள் போடும் கால்சியம் 500 மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கணக்கு தலைகீழ். உள்ளே இருப்பது 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லின் தூய வடிவம். அதில் பத்தில் நான்கு பங்குதான் கால்சியம் என்பதால் அட்டையில் 500 என்று போடுகிறார்கள். ஒரு மாத்திரையில் நிரப்புத் தூளாக வருகிற கல் இன்னொன்றில் மருந்தாகவே வருகிறது. வேர்க்குருவுக்கும் அரிப்புக்கும் பூசும் கலமைன் துத்தநாகத் தூள். அதன் ரோஜா நிறத்துக்குக் காரணம் துளியளவு இரும்பு ஆக்சைடு, வாசலில் கோலத்துக்குக் கரை கட்டும் காவியின் நிறப்பொருள். சேலத்தில் ஏற்காடு மலையடிவாரப் பக்கம் வெட்டும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், பெரும்பாலும் இரும்பு உலைக்குள் பதிக்கும் செங்கல்லுக்குத்தான் போகிறது. ஆனால் அதைச் சுட்டால் வரும் மக்னீசியா என்ற சரக்கு பேதி மருந்திலும் அமிலத்தை அடக்கும் மருந்திலும் உண்டு.

மாக்கல்லுக்கு மட்டும் ஒரு பின்கதை. பூமிக்கடியில் அது இருக்கும் பாறைகளிலேயே சில இடங்களில் ஆஸ்பெஸ்டாஸும் கலந்திருக்கும். மருந்துக்கு வாங்கும் டால்க்கில் அது அறவே இருக்கக் கூடாது என்று சோதிக்கிறார்கள். 2024-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கையே ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ வகுப்பில் சேர்த்தது. மனிதர்களிடம் அவர்கள் பார்த்த சான்று, அந்தரங்க உறுப்புப் பகுதியில் பவுடர் போட்ட பெண்களின் சினைப்பைப் புற்றுநோய் பற்றியது. அது உறுதியான சான்று அல்ல, வரம்புக்குட்பட்டது என்றும் அவர்களே சொன்னார்கள். குளித்துவிட்டு உடம்பெல்லாம் பவுடர் கொட்டிக்கொள்ளும் நம் ஊர்ப் பழக்கத்தைக் குறைத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். குழந்தைக்குப் பூசி, அது மூச்சில் இழுக்கும்படி செய்யவே வேண்டாம்.

இந்தத் தூள்கள் எல்லாம் ஒன்று மாற்றி ஒன்றாக வேலைக்கு வந்து போன இடம் ஒன்று உண்டு: அறுவை மருத்துவரின் ரப்பர் கையுறை. ஈரக்கையை ரப்பருக்குள் நுழைப்பது கஷ்டம், அதனால் உள்ளே ஏதாவது தூவ வேண்டும். முதலில் தூவியது லைகோபோடியம். மாத்திரை உருண்டைகள் ஒட்டாமலிருக்க மருந்துக்கடைகளில் வைத்திருந்த தூள்தான் அது. தண்ணீர் ஒட்டாது, நன்றாக வழுக்கும். நெருப்பில் ஊதினால் குபீரென்று பற்றும் என்பதால் நாடக மேடையிலும் அதற்கு வேலை இருந்தது. ஆனால் கையுறையிலிருந்து வயிற்றறைக்குள் உதிர்ந்த வித்துகளைச் சுற்றி உடம்பு கட்டி கட்டியாகத் திசுவை வளர்த்தது. அதை விட்டு டால்க்குக்கு மாறினார்கள். டால்க்கும் அதையே செய்தது, குடல்களையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்தது. அடுத்து வந்தது மக்காச்சோள மாவு, கையுறையைக் கொதிநீராவியில் வைத்தாலும் பசையாகாதபடி பதப்படுத்தியது. மாவுதானே, உடம்பே கரைத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள்.

“வயித்துக்குள்ள போற மாத்திரையிலயும் அதே மாவுதானே? அங்க ஒண்ணும் பண்ணலையே?”

மாத்திரை போவது குடலின் உள்குழாய்க்குள். அங்கே மாவைச் சீரணிக்கும் நொதி காத்திருக்கிறது. நாம் தின்னும் சோற்றுக்கும் அதே கதி. அறுவையின்போது தூள் விழுவது குடலுக்கு வெளியே, குடல்கள் மிதக்கும் வயிற்றறையில். அங்கே அந்தச் சீரண நீர் சுரப்பதில்லை. வந்த மணியை அந்நியனாகப் பார்த்து உடம்பு அதைச் சுற்றி வளைக்கிறது. அழற்சி, கட்டி, ஒட்டு. போதாததற்கு, கையுறையைக் கழற்றும்போது பறக்கும் மாவு ரப்பர் பாலின் புரதத்தையும் ஏந்திக்கொண்டு போய், ஒவ்வாமை உள்ள செவிலியருக்கு மூச்சுத் திணறலைக் கொடுத்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 டிசம்பரில் ஆணை போட்டு, 2017 ஜனவரியிலிருந்து தூள் போட்ட மருத்துவக் கையுறைகளையே தடை செய்தது. இப்போது கையுறையின் உட்புறத்தைக் குளோரின் நீரில் கழுவியோ, மெல்லிய பாலிமர் பூச்சு கொடுத்தோ வழுவழுப்பாக்குகிறார்கள்.